நல்ல கைகள் மெலிந்தபோது

என் ஃபிரேம் கடையின் பின்சுவரில் விற்பனைக்கு இல்லாத சில ஃபிரேம்கள் தொங்குகின்றன. எல்லாம் என் தங்கையுடையவை. பள்ளி இறுதித் தேர்வில் முதலாவதாக வந்ததற்கான சான்றிதழ் ஒன்று. அதை வாங்கிய வருஷம் எங்கள் வீட்டில் மின்சாரம் கிடையாது. அடுத்தது மருத்துவப் பட்டம். இரண்டு பேரைப் படிக்க வைக்க வீட்டில் தெம்பு இல்லை; நான் எட்டாம் வகுப்போடு நின்று அப்பாவோடு கடையில் உட்கார்ந்தேன், அவள் படித்தாள். அதற்குப் பக்கத்தில் அறுவை சிகிச்சையில் மேற்பட்டம். "உயரம் பத்தாது, ஆபரேஷன் மேசை எட்டாது" என்று நேர்முகத்தில் சொன்னவர்களில் ஒருவர் பிற்பாடு தம் மனைவியை அவளிடமேதான் அழைத்து வந்தார். மார்பகப் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கிய அன்று எடுத்த படம். அந்தப் பிரிவு வேண்டும் என்று அவள் ஐந்து வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளிநாட்டு மருத்துவர் சங்கம் தந்த பதக்கம். பதக்கத்துக்குக் கண்ணாடி போடுவது பெரிய தலைவலி, பின்பலகையில் குழி தோண்ட வேண்டும். கடைசியாகப் பேராசிரியர் பதவிக்கான ஆணை. அது இரண்டாவது முறை கேட்டபோது கிடைத்தது. முதல் முறை கைக்கு எட்டியதை அவளே தட்டிவிட்டாள்.

எப்படித் தட்டிவிட்டாள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

சின்ன வயதில் அவளுக்கு நான் வைத்த பெயர் ஈர்க்குச்சி. ஒல்லி, குள்ளம், ஆனால் வளைத்தால் வளைவாள், ஒடிய மாட்டாள். ஆபரேஷன் அறையில் அவள் நிற்பதற்காகக் காலடியில் ஒரு இரும்புப் படி போடுவார்கள். "மேடை வந்துடுச்சு, இனிமே டாக்டரம்மா வருவாங்க" என்று அங்கே உள்ள சிஸ்டர் சொல்வாராம். அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை அறுவை மருத்துவர். எல்லோருக்கும் அவர் பெரிய டாக்டர். முடிச்சுப் போடுவதை அவரிடம்தான் கற்றாள். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவர் காலத்து முறை இதுதான்: மார்பில் கட்டி இருந்தால் கட்டியோடு சேர்த்து, அக்குளில் பயறு பயறாக இருக்கிற நெறிக்கட்டிகளையும் மொத்தமாக வழித்து எடுத்துவிடுவது. நோய் அந்த வழியாகத்தான் பரவும், அதனால் வழியையே அடைத்துவிடுவது. நோய் அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் பலருக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கும். நீர் வடிய வழியில்லாமல் போவதால் வரும் வீக்கம். ஒருமுறை வந்தால் முழுக்கப் போகாது.

"உயிர் பிழைச்சதே பெருசுன்னு யாரும் கையைப் பத்திப் பேச மாட்டாங்க அண்ணா" என்று ஒருநாள் சொன்னாள். "துப்பட்டாவுக்குள்ள மறைச்சுக்கிட்டு வருவாங்க. பையைத் தூக்க முடியாது, பிள்ளையைத் தூக்க முடியாது. நனைஞ்ச மூட்டையைத் தோள்ல கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்குன்னு ஒருத்தங்க சொன்னாங்க."

அங்கேதான் அவளுடைய ஆராய்ச்சி தொடங்கியது. எல்லாவற்றையும் எடுக்காமல், கீழ்ப்பக்கத்தில் நாலைந்தை மட்டும் எடுத்துச் சோதித்து, அவற்றில் நோய் இல்லை என்றால் மற்றதை விட்டுவிட்டால் என்ன? பெரிய டாக்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "திருட்டுக் கூட்டத்துல நாலு பேரைச் சோதிச்சுட்டு மத்தவனும் யோக்கியன்னு விட்டுடுவியா?" என்று கேட்டாராம். பிறகு என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

அப்படித் தொடங்கி ஐந்து வருஷம் ஓடியது. பழைய முறையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கையைப் பிசியோதெரபி அறையில் அளந்தார்கள். புதிய முறையில் செய்துகொண்டவர்களின் கையை அவளே அளந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒருமுறை, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வேறு யாரையும் தொடவிடவில்லை. ஆள் மாறினால் இழுக்கிற இழுப்பு மாறும், அளவு மாறும் என்று அவளுக்குக் கவலை. டேப்பையும் மாற்றவில்லை. மஞ்சள் நிறத் துணி டேப், கோட்டுப் பையில் சுருட்டி வைத்திருப்பாள். ஒவ்வொருவரை அளந்ததும் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து, ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். ஒருமுறை சிஸ்டர் புதிய டேப் எடுத்துக் கொடுத்தபோது கோபப்பட்டுவிட்டாளாம். "இந்த ஆராய்ச்சி முடியுற வரைக்கும் ஒரே கை, ஒரே டேப்."

"கழுத்துல தாலி மாதிரி போட்டுக்கோங்க டாக்டர்" என்றாராம் சிஸ்டர்.

இதைக் கேட்ட எங்கள் அம்மா, "அதுவாவது கழுத்துல ஏறட்டும்" என்றார். என் தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சை எடுத்தாலே டூட்டி இருக்கிறது என்பாள். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு. சாப்பாட்டு மேசைக்கு ஒரே நாற்காலி. நான் போனால் அதை எனக்குத் தந்துவிட்டு அவள் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாள். இன்னொரு நாற்காலி வாங்கிக்கொள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. "வாங்கினா அதுல யாராவது வந்து உட்காரணுமே அண்ணா" என்பாள்.

ஆராய்ச்சி முடிவு அச்சில் வந்தது. பழைய முறையில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குக் கை வீங்கியது, புதிய முறையில் நூற்றுக்கு மூன்றே பேருக்குத்தான். கட்டுரையில் முதல் பெயர் பெரிய டாக்டருடையது. அடுத்தது இன்னொரு துறைத் தலைவர் பெயர். மூன்றாவதாக என் தங்கை. அதுதான் அங்கே வழக்கம். அவள் எழுதிய எல்லாமே அப்படித்தான் வந்தன. எனக்கு அது பொறுக்கவில்லை. "நெல்லைக் குத்தினது நீ, பொங்கிச் சாப்பிடறது அவங்களா?" என்றேன். "பேர் எங்க இருந்தா என்ன, உள்ள இருக்கிறது என்னோடது" என்றாள்.

வேறு ஊர் டாக்டர்களும் அதைப் படித்துவிட்டு அந்த முறைக்கு மாறத் தொடங்கினார்கள். அந்த வருஷம் பேராசிரியர் பதவி ஒன்று காலியானது. அறுவைத் துறையில் அதுவரை ஒரு பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. பெரிய டாக்டர் அவள் பெயரைச் சிபாரிசு செய்தார். செப்டம்பரில் நேர்முகம், பெயருக்குத்தான், கிடைத்த மாதிரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆணை வந்தால் போட வேண்டும் என்று நான் தேக்கில் ஒரு ஃபிரேமை இழைத்து மெருகு போட்டு வைத்தேன்.

அதற்கு முன்னால், மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். சொல்லாமல் வருகிற வழக்கம் அவளுக்கு இல்லை. நான் சாப்பிட்டுவிட்டு கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, உன்னோட இரும்பு ஸ்கேல் வேணும். ஒரு மீட்டர் ஸ்கேல்."

"ஆஸ்பத்திரில ஸ்கேல் இல்லையா?"

"இருக்கு. அங்க யாரும் பாக்க வேணாம்."

கோட்டுப் பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்தாள். ஸ்கேலை மேசையில் வைத்து, இரண்டின் நுனியையும் சேர்த்து, டேப்பை ஸ்கேலின்மேல் படியவிட்டாள். என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். ஸ்கேல் நூறில் முடிந்தது. டேப்பில் நூறு என்ற எண் அங்கே இல்லை. ஸ்கேலைத் தாண்டி, மேசையின்மேல், மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கிடந்தது.

"துணி டேப்தானே, இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கு" என்றேன். "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு. இதுக்கா முகத்தை இப்படி வச்சிருக்க?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். டேப் நீண்டால் அதிலுள்ள எண்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். அப்புறம் அதை எந்தக் கையில் சுற்றினாலும் உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும். முதலில் புதிய டேப்பில் முப்பது என்று அளந்த கை, வருஷங்கள் கழித்து நிஜமாகவே வீங்கியிருக்கும். அதே டேப்போ, கொஞ்சம்தான் மாறியிருக்கிறது, பயமில்லை என்று சொல்லும். பிசியோதெரபி அறையில் அடிக்கடி டேப் தொலையும், கிழியும், ஸ்டோரிலிருந்து புதிதாக வரும். அவர்கள் அளவு சரியாக இருந்தது. யாரும் தொடக்கூடாது என்று அவள் பொத்திப் பொத்தி வைத்த டேப்தான் பொய் சொன்னது.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"எல்லாருக்கும் நல்ல கையையும் அளந்து வச்சிருந்தேன். ஆபரேஷன் இல்லாத பக்கம். அதை யாரும் கேக்கல, நானா அளந்தேன். நேத்து சும்மா எடுத்துப் பாத்தேன். எல்லாரோட நல்ல கையும் மெலிஞ்சிருக்கு அண்ணா. குண்டானவங்களுக்கும் மெலிஞ்சிருக்கு. அது எப்படி எல்லாருக்கும் சேர்ந்தாப்பல மெலியும்?"

அவள் டேப்பைச் சுருட்டினாள். பழக்க தோஷத்தில் அதையும் பத்திரமாகச் சுருட்டினாள்.

"வீங்காதுன்னு சொல்லித்தான் அவங்களை இந்த ஆபரேஷனுக்கு ஒத்துக்க வச்சேன்" என்றாள்.

பெரிய டாக்டரிடம் போனாள். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சத்தம் போடவில்லையாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

"புத்து யாருக்காவது திரும்பி வந்துச்சா?"

"இல்ல சார். அதுல மாத்தம் இல்ல."

"அப்போ என்னம்மா? மூணு பேர்னு போட்டோம், திருப்பி அளந்தா பத்து, பன்னெண்டு வரும். அப்பவும் இருபத்தஞ்சை விடக் கம்மிதானே? உன் முறை தோக்கல."

"தோக்கல சார். ஆனா நாம சொன்ன அளவுக்கு ஜெயிக்கவும் இல்ல."

"செப்டம்பர்ல இன்டர்வியூ. அது முடியட்டும். நாற்காலில உக்காந்துட்டு அப்புறம் எழுது. பேராசிரியர் எழுதினா திருத்தம்பாங்க. இப்ப நீ எழுதினா அளக்கத் தெரியாதவன்னு சொல்லுவாங்க."

அவள் அப்போதும் தலையை அசைக்கவில்லை. அவர் கடைசியாகச் சொன்னது: "உன் இஷ்டம். ஆனா அதுல என் பேர் இருக்கக்கூடாது."

வெளிப்படையாகச் சொல்கிறேன், பெரிய டாக்டர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து அதையே சொன்னேன். "அஞ்சாறு மாசம் பொறுத்தா குடியா முழுகிடும்?"

"இந்த மாசம் புதுசா வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது அண்ணா?" என்றாள். "நூத்துல மூணு பேருன்னு சொல்லவா?"

நான் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் எல்லோரையும் திரும்ப அளக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். புதிதாக நான்கு டேப் வாங்கி, ஒவ்வொரு நாளும் காலையில் இரும்பு ஸ்கேலில் வைத்துச் சரிபார்த்த பிறகே தொட்டாள். என் ஸ்கேல்தான், திரும்பத் தரவே இல்லை. ஏற்கெனவே அளந்த ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினாள். விஷயம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியது. 'மேடை டாக்டர்' போய் 'டேப் டாக்டர்' ஆனாள்.

ஒருநாள் சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருத்துவர்கள் டீ குடிக்கும் அறையில் அவளைத் தேடினேன். நீள மேசை, இருபக்கமும் பேச்சும் சிரிப்பும். நான் அவள் அண்ணன் என்று தெரிந்ததும் பேச்சு நின்றது. ஒரு இளைய டாக்டர், "அவங்க இப்பல்லாம் இங்க வர்றதில்லைங்க" என்றார், மரியாதையாகத்தான்.

வராந்தாவின் கோடியில் அளக்கும் அறை. ஒரு மேசை, ஒரு திரை, ஜன்னல் கம்பியில் காலி கிளிப். மதியச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிடப் பழகியிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் இருந்தார். தபால் கொடுக்கிற வேலை, நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன். குரல் வராந்தா வரைக்கும் கேட்டது.

"அன்னிக்கே சொன்னேன்ல டாக்டரம்மா, சட்டைக் கை பிடிக்குதுன்னு. நீங்க டேப்பைக் காட்டி, ஒண்ணுமில்ல, மனசுதான்னு சொன்னீங்க. வீட்டுல போய் மனசுதான்னு நானும் சொல்லிட்டேன். பையை இந்தத் தோள்லயே மாட்டினேன்."

"தப்பு என்னோடதும்மா."

"டேப்போடதுன்னு சொன்னாங்களே சிஸ்டர்."

"டேப்பைப் பிடிச்ச கை என்னோடதுதானே."

பிறகு அந்த அம்மாளின் குரல், தணிந்து: "சரி, இப்ப என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க."

கட்டுப் போடுவது எப்படி, எந்தத் தோளில் பை மாட்டக்கூடாது, கையை எப்படித் தூக்கி வைத்துப் படுப்பது என்று என் தங்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆரம்பத்திலேயே கவனித்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, "நீங்களும் அளக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே போனால், ஈர்க்குச்சி மேசைமேல் இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் டப்பாவைத் திறந்து வைத்தேன். சாப்பிட்டாள்.

எல்லோரும் இப்படிப் பேசவில்லை. சிலர் வரவே இல்லை. சிலர் வேறு டாக்டரிடம் மாறிக்கொண்டார்கள். ஒருவர் அளக்கக் கையைக் கொடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். திட்டினால்கூடத் தேவலை என்றாள்.

ஜூலையில் அளந்து முடித்தாள். நூற்றுக்கு மூன்று அல்ல, பன்னிரண்டு. பழைய முறையில் பாதிதான் அது, நல்ல முடிவுதான். ஆனால் மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் விடுபட்டுப்போன ஒவ்வொருவரின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினாள். எப்படித் தவறியது, எப்படித் தெரிந்தது, சரியான கணக்கு என்ன. துணி டேப்பை நம்ப வேண்டாம், எந்த டேப்பானாலும் மாதாமாதம் சரிபாருங்கள், நல்ல கையையும் சேர்த்து அளங்கள் என்பதையும் எழுதினாள். ஒரே தாளில் அடக்கிவிட்டாள்.

நேர்முகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போனாள். திருத்தம் அனுப்பிவிட்டேன் என்று முதலில் அவளே சொன்னாள். நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. தேக்கு ஃபிரேம் பரணில் எட்டு வருஷம் கிடந்தது. அந்த எட்டு வருஷமும் அவள் அதே வராந்தாக் கோடி அறையில் கைகளை அளந்தாள், அதே படியின்மேல் நின்று ஆபரேஷன் செய்தாள். பெரிய டாக்டர் ஓய்வு பெற்ற விழாவுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவர் அவளைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லையாம். பல வருஷம் கழித்து, பார்த்தே இராத ஊர்களிலிருந்து டாக்டர்கள் எழுதினார்கள்: உங்கள் திருத்தத்தைப் படித்த பிறகு எங்கள் டேப்பை ஸ்கேலில் வைத்துப் பார்த்தோம், அதுவும் நீண்டிருந்தது. அவற்றைப் படிக்கும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். படித்துக் காட்ட அந்த வீட்டில் ஆள் இல்லை. தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டுவாள்.

திருத்தத்தைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் கடைக்குத்தான் கொண்டுவந்தாள். தட்டச்சு செய்த தாள், இரண்டு பிரதி. கண்ணாடி வெட்டும் மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள், ஆனால் எழுதாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெறுமையாக இருந்தது. அதற்கும் கீழே, வலது ஓரத்தில், சின்னதாக அவள் பெயர்.

"நடுவுல ஏன் இவ்வளவு இடம்?" என்றேன். "ஃபிரேம் போட்டா அசிங்கமா இருக்கும்."

"பெரிய டாக்டர் கையெழுத்து போடுற இடம் அது. அதுக்குக் கீழ இன்னொருத்தருக்கு" என்றாள். "டைப் அடிக்கும்போது கை தன்னால விட்டுடுச்சு."

"வேற அடிச்சுக்கிட்டு வர்றியா?"

வேண்டாம் என்று தலையசைத்தாள். கீழே இருந்த தன் பெயரை ஒரு கோடு இழுத்து அடித்தாள். இரண்டு பிரதியிலும் அடித்தாள். பிறகு அந்த வெற்றிடத்தில், எழுத்து முடிந்த இடத்துக்கு நேர் கீழே, மருந்துச் சீட்டில் கிறுக்குகிற மாதிரி இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப் பெயரை எழுதினாள். அவள் எழுதியதில் அவள் பெயர் முதலாவதாக வந்தது அன்றுதான். துணைக்கு வேறு பெயர் ஏதும் இல்லை. ஒரு பிரதியை உறையில் போட்டாள், இன்னொன்றை என் பக்கம் தள்ளினாள்.

"தேதி போடலையே" என்றேன்.

வாங்கிப் போட்டாள். 11 ஆகஸ்டு 1998.